தொழிலும் வேண்டும், உரிமையும் வேண்டும்

(ஏதிலிப் பெண்களின் பொருளாதார வாழ்வு குறித்து, வன்னியில் உழவர்களும் கூட்டுறவாளர்களும் கற்றோரும் கூடிய மன்றில் ஆற்றப்பெற்ற உரை)



போரினாலும் ஏதிலி வாழ்வினாலும் நிலைகுலைந்த எம் பெண்கள், தொழில் பயின்று, தம் உழைப்பினால் தலைநிமிர்ந்து வாழ வழி யாது என்று பேசுமாறு எம்மைப் பணித்துள்ளீர்கள். இப்பொருள் மேடைகளுக்குப் புதியதன்று. தையற் பொறி ஒன்றை மேடையில் வைத்து, அதற்கு மாலை சூட்டி, ஒரு பெண்ணின் கையில் ஒப்படைத்துப் படம் எடுத்துக்கொள்ளும் விழாக்கள் பலவற்றை நீங்கள் கண்டிருப்பீர்கள். விழா முடிந்து ஓராண்டு சென்ற பின் அப்பொறி எங்கே நிற்கிறது, யாருக்காக ஓடுகிறது, அதனால் வந்த பணம் யாருடைய கையிற் சேர்கிறது என்று கேட்போர் மிகச் சிலரே. அவ்வினாவையே நாம் இன்று உங்கள் முன் வைக்கிறோம்.

எம் கருத்தை முதற்கண்ணே கூறிவிடுகிறோம். பயிற்சி ஒரு பெண்ணுக்குத் திறனைத் தரும். அத்திறனால் விளைந்த ஊதியம் அவளுடையதாகவே நிலைப்பதற்கு, காணி உறுதியிலும், வங்கிக் கணக்கிலும், சங்கத்தின் அங்கத்தவர் இடாப்பிலும் அவள் பெயர் எழுதப்பட்டிருத்தல் வேண்டும். பெயர் எழுதப்படாதவள் எத்தனை தொழில் கற்றாலும் பிறர்க்கு உழைக்கும் கூலியாளாகவே முடிவாள். இதனை மெய்ப்பிக்க வேண்டிய கடன் எம்முடையது. கேட்டு முடிவு செய்ய வேண்டிய கடன் உங்களுடையது.

யார் இந்த ஏதிலிகள்?

சட்டம் ஏதிலி என்ற சொல்லை மிகச் சிக்கனமாகவே வழங்குகிறது. 1951ஆம் ஆண்டின் அனைத்துலக உடன்படிக்கையின்படி, அச்சத்தினால் தன் நாட்டின் எல்லையைக் கடந்தவரே ஏதிலி. எல்லையைக் கடவாது, ஊர் விட்டு ஊர் ஓடியவர் வெறுமனே இடம்பெயர்ந்தவர். அவ்வுடன்படிக்கையில் இந்தியாவும் கைச்சாத்திடவில்லை; இலங்கையும் கைச்சாத்திடவில்லை. ஆதலின் பாக்குநீரிணையின் இரு கரைகளிலும் எம் பெண்களுக்குக் கிடைத்தவை பெரும்பாலும் ஆட்சியாளரின் இரக்கத்தைப் பொறுத்தவையே. வழக்காடிப் பெறக்கூடிய உரிமைகள் மிகச் சிலவே.

1983ஆம் ஆண்டு ஆடிக் கலவரத்தின் பின், பல்வேறு காலங்களில் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டோர் தமிழ்நாட்டுக்குச் சென்றனர். 2021ஆம் ஆண்டில் தமிழக அரசு சட்டப்பேரவையில் வெளியிட்ட கணக்கின்படி 108 முகாம்களில் 58,822 பேர் வாழ்ந்தனர். முகாம்களுக்கு வெளியே 34,087 பேர் வாழ்ந்தனர். அவ்வாண்டிலேயே உதவித்தொகை உயர்த்தப்பட்டுக் குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500 ரூபாவும், வளர்ந்த ஏனையோருக்கு 1,000 ரூபாவும் என்றாயிற்று. பழுதடைந்த 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டித் தரவும் அரசு முன்வந்தது. இவை நன்றியோடு நினைக்கத்தக்கவை. ஆயினும் முகாமிற் பிறந்து, முகாமில் வளர்ந்து, முகாமிலேயே தாயான ஒரு பெண்ணுக்கு அம்மண்ணிற் குடியுரிமையும் இல்லை, அரசுப் பணியும் இல்லை. அவள் ஈட்டுவதெல்லாம் அன்றாடக் கூலியே.

இக்கரையிலோ, 2009ஆம் ஆண்டு வைகாசியிற் போர் முடிந்தபொழுது ஏறத்தாழ மூன்று இலட்சம் மக்கள் முட்கம்பி வேலிகளுக்குள் அடைக்கப்பட்டனர். செட்டிகுளத்து மெனிக் பாம் முகாம் 2012ஆம் ஆண்டு புரட்டாதியிலேதான் மூடப்பட்டது. வடக்கிலும் கிழக்கிலும் 89,000 கைம்பெண்கள் உளர் என்று 2010ஆம் ஆண்டில் அரசின் பிரதி அமைச்சர் ஒருவரே கூறினார். காணாமற்போனோரின் மனைவியர் கைம்பெண்களும் அல்லர். கணவனோடு வாழ்வோரும் அல்லர். எல்லையைக் கடந்தவளும் கடவாதவளும் மீண்டு வந்து நிற்பது ஒரே இடத்தில். புதர் மண்டிய வளவும், கூரையற்ற சுவரும், பசித்த பிள்ளைகளுமே அவளுக்கு எஞ்சியவை. எனவே இவ்வுரையில் இருசாராரையும் சேர்த்தே பேசுகிறோம்.

அயலார் கண்ட இரு வழிகள்

இத்தகைய துன்பம் எமக்கு மட்டும் நேர்ந்ததன்று. 1947ஆம் ஆண்டில் இந்தியா பிரிவினையுற்றபொழுது கோடிக்கணக்கான மக்கள் இடம்பெயர்ந்தனர். அவர்களுட் பெண்களை நடத்திய முறையில் இரு வழிகளைக் காண்கிறோம். அவ்விரண்டும் எமக்குப் பாடங்கள்.

முதலாவது, வங்கத்தில் நிகழ்ந்தது. கிழக்கு வங்கத்திலிருந்து வந்தோருள் ஆண்துணையற்ற பெண்களையும், முதியோரையும், உடற்குறை உடையோரையும் ஒன்றாகச் சேர்த்து, 'நிரந்தரப் பொறுப்புகள்' என்று அரசின் ஏடுகள் பெயரிட்டன. அவர்களுக்கெனத் தனி முகாம்கள் வகுக்கப்பட்டன. கணவன் இல்லை என்ற ஒரே காரணத்தால், கையும் காலும் அறிவும் வலிவும் உள்ள ஒரு பெண் அரசின் பேரேட்டிற் செலவுப் பக்கத்தில் எழுதப்பட்டாள். ஒருத்தியைச் சுமை என்று எழுதிவிட்டால், அதன்பின் அவளுக்குக் கொடுக்கும் பயிற்சியும் பொழுதுபோக்காகவே கருதப்படும்.

இரண்டாவது வழியை வகுத்தவர் கமலாதேவி சட்டோபாத்தியாயர். அவர் 1948ஆம் ஆண்டில் இந்தியக் கூட்டுறவு ஒன்றியத்தைத் தொடங்கினார். வடமேற்கு எல்லைப்புற மாகாணத்திலிருந்து வந்த ஏதிலிகளுக்காகத் தில்லிக்கு அருகே பரீதாபாத் நகர் எழுந்தபொழுது, அந்நகரின் கட்டுமான வேலைகளை ஏதிலிகளே கூட்டுறவுச் சங்கங்களாகச் சேர்ந்து செய்தனர். முன்பின் கல் அடுக்கி அறியாதவர்களும் வேலையிலேயே வேலையைக் கற்றனர். அவர்கள் கட்டிய வீடுகள் அவர்களுக்கே ஆயின. அவ்வொன்றியம் அத்தோடு நின்றுவிடவில்லை. கைவினைஞர் செய்த பொருள் விலைபோகாவிடிற் பயிற்சி வீண் என்பதை உணர்ந்து, 1952ஆம் ஆண்டில் தில்லியிலிருந்த நடுவண் குடிசைக் கைத்தொழில் விற்பனைக் கூடத்தின் பொறுப்பைத் தானே ஏற்று நடத்தியது. தொழில், வேலை, சங்கம், கடை என்ற நான்கும் ஒரே கயிற்றிற் கோக்கப்பட்டன. பின்னாளில் திணைக்களங்களின் கை ஓங்கியபொழுது பரீதாபாத்தின் சங்கங்கள் நலிந்தன என்பதையும் மறைக்காது கூறுகிறோம். சங்கம் அங்கத்தவரின் கையில் இருக்கும் வரையே அது அவர்களுடையது.

இன்னுமொன்று. 1959ஆம் ஆண்டில் திபேத்தியர் இந்தியாவுக்கு வந்தனர். அவ்வாண்டு ஐப்பசி 2ஆம் நாள் டார்ஜிலிங்கில் அவர்கள் தம் சுயஉதவி நிலையத்தைத் தொடங்கியபொழுது அங்கிருந்தவர் நால்வரே. தம் நாட்டுக் கம்பளத்தைத் தம் நாட்டு முறையிலேயே நெய்தனர். அதனைத் தாமே விற்றனர். அவர்கள் அயலார் கொணர்ந்த புதுத் தொழிலைத் தேடி அலையவில்லை; தம் கை அறிந்த தொழிலையே முதலாக்கினர்.

எம்மவரிடையேயும் இவ்வழி அறியப்படாததன்று. 1984ஆம் ஆண்டில் சட்டத்தரணி எஸ். சி. சந்திரஹாசன் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம், ஏதிலிகளைக் கொண்டே ஏதிலிகளுக்குப் பணிபுரிந்தது. முகாமிலிருந்த பெண்களே அங்கு கற்பிப்போராகவும் நலவாழ்வுப் பணியாளராகவும் பயின்றனர்.

எந்தத் தொழில்?

இனி எம் மண்ணுக்கு வருவோம். போர் முடிந்தபின் எம் பெண்களுக்குக் கொடுக்கப்பட்ட பயிற்சிகள் பெரும்பாலும் தையலும், அழகுக்கலையும், பலகாரம் செய்தலுமே. இத்தொழில்களை நாம் இழித்துரைக்கவில்லை. ஆனால் ஒரு கிராமத்தில் இருபது பெண்களுக்குத் தையல் கற்பித்தால், அக்கிராமத்தில் உடை தைப்பிப்போர் எத்தனை பேர் என்று எண்ணிப்பார்த்தல் வேண்டுமன்றோ? ஆயத்த ஆடை சந்தையிற் குவிந்து கிடக்கும்பொழுது, இருபது பொறிகளுள் இரண்டுக்கே வேலை இருக்கும். எஞ்சியவை துணியால் மூடப்பட்டு மூலையில் நிற்கும்.

வேலை எங்கே இருந்தது என்று பாருங்கள். இந்திய அரசின் உதவியோடு 50,000 வீடுகள் கட்டும் திட்டம் வந்தது. அதில் வீடொன்றுக்கு 550,000 ரூபா, தவணை தவணையாகப் பயனாளியின் கையிலேயே கொடுக்கப்பட்டது. பயனாளிகளுட் பலர் குடும்பத்தைத் தனியே தாங்கும் பெண்கள். அவர்கள் மேசனையும் தச்சனையும் கூலிக்கு அமர்த்தினர். எல்லோரும் ஒரே வேளையில் வீடு கட்டத் தொடங்கியதாற் கூலி ஏறியது. மணலும் சீமெந்தும் விலையேறின. வீடு முடியும் முன்னே பணம் முடிந்தது. நகை அடைவுக்குப் போயிற்று. அத்திட்டம் தொடங்கும் முன்னரே ஊருக்குப் பத்துப் பெண்களுக்குக் கல் அடுக்கவும், பூசவும், மின்கம்பி இழுக்கவும் கற்பித்திருந்தால், கூலியாகச் சென்ற பணத்தில் ஒரு பங்கு அவர்களின் கையிலேயே தங்கியிருக்கும். கடனும் குறைந்திருக்கும்.

இவை கடின வேலைகள், பெண்ணுக்கு ஆகா என்று சிலர் கூறக்கூடும். முகமாலையில் வெயிலில் முழந்தாளிட்டு, மண்ணை விரலளவு விரலளவாகத் துழாவிக் கண்ணிவெடி அகற்றியவருட் பலர் எம் பெண்கள். உயிரைப் பணயம் வைக்கும் அவ்வேலைக்கு அவர்கள் ஏற்றவர்கள் என்றால், கரண்டி பிடித்துச் சுவர் பூசுவதற்கு ஏலாதவர்கள் என்று எவ்வாறு கூறுவது? கண்ணிவெடி அகற்றி முடிந்தால் அச்சம்பளமும் முடியும். அத்தகையோருக்கு அடுத்த தொழிலை இப்பொழுதே கற்பித்தல் வேண்டும்.

உழவர்களாகிய உங்களுக்கு வேறு தொழில்களும் தெரியும். நீர் இறைக்கும் பொறியும் தெளிகருவியும் பழுதுபட்டால் எத்தனை நாள் நகரத்துக்கு அலைகிறீர்கள்? விதைநெல்லும் விதைவெங்காயமும் தேர்ந்து பேணுதல் ஒரு தொழில். பால் சேகரித்துத் தயிராக்குதல் ஒரு தொழில். எம் பனையோ ஓலை, நார், ஒடியல், பனாட்டு, கருப்பட்டி என்று ஆண்டு முழுதும் வேலை தருவது. சங்கங்களுக்குக் கணக்கெழுதத் தெரிந்தவர் இல்லாமையும் நீங்கள் அறிந்ததே. ஒரு பிரதேசத்திற் பயிற்சி தொடங்கும் முன், அங்கு என்ன பொருள் வெளியூரிலிருந்து வாங்கப்படுகிறது, எந்த வேலைக்கு ஆள் கிடைப்பதில்லை என்று ஒரு கணக்கெடுங்கள். அக்கணக்கே பாடத்திட்டம் ஆகட்டும்.

பயிற்சிக் கூடத்தின் வாசலில்

பயிற்சிக்கு வராத பெண்ணைச் சோம்பேறி என்று அலுவலர் குறிப்பெழுதுகின்றனர். அவள் ஏன் வரவில்லை? கைக்குழந்தையை ஒப்படைக்க ஆளில்லை. காலையிற் போகும் பேருந்து மாலையிற் பிந்தியே திரும்பும். பயிற்சிக்குச் செல்லும் நாளிற் கூலி இல்லை. கூலி இல்லையேல் உலை ஏறாது. ஆதலின் பயிற்சி என்பது ஆசிரியரும் கரும்பலகையும் மட்டும் அன்று. பிள்ளைகளைப் பார்க்கும் அறையும், பயிலும் நாட்களுக்கு ஒரு படியும், ஊருக்கு அண்மையில் ஓர் இடமும் அதன் உறுப்புகளாகும். இவற்றைச் செலவு என்று கருதி வெட்டும் திட்டத்தில், வர இயன்றவர்களே வருவர், வரவேண்டியவர்கள் வாரார்.

பயின்றதற்குத் தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழ் கிடைத்தல் வேண்டும். நிறுவனம் ஒன்று அச்சிட்டுத் தரும் வண்ணத்தாள் எந்தத் தொழிலகத்தின் வாசலையும் திறவாது. தமிழ்நாட்டிலே தொழில் செய்து மீண்டவர்களுக்கு நாம் ஒன்று கூற விரும்புகிறோம். முன்னரே கற்ற திறனைச் சோதித்துச் சான்றிதழ் வழங்கும் முறை இந்நாட்டில் உண்டு. அங்கே பத்தாண்டு செய்த தொழிலை இங்கே முதலிலிருந்து கற்கவேண்டியதில்லை. ஆனால் அதற்கு அடையாள அட்டை வேண்டும். பிள்ளை இந்தியாவிற் பிறந்திருப்பின் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின்படி அப்பிள்ளையின் பதிவும் வேண்டும். முகாமில் இருக்கும்பொழுதே இத்தாள்களைச் சீர்செய்தல், இங்கு வந்து கச்சேரி வாசலிற் காத்திருப்பதைக் காட்டிலும் எளிது.

சட்டம் இட்ட பூட்டுகள்

இப்பொழுது எம் தொழிலோடு தொடர்புடைய பகுதிக்கு வருகிறோம். பொறுமையோடு கேட்க வேண்டுகிறோம். உங்கள் மகளிரின் காணியைப் பற்றிய செய்தி இது.

1707ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் தொகுப்பித்த தேசவழமை, சீதனத்தைப் பெண்ணின் சொத்தாகவே மதித்தது. அதன்பின் 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க யாழ்ப்பாணத்து விவாக உரிமை, வழியுரிமைக் கட்டளைச்சட்டம் வந்தது. அதன் 6ஆம் பிரிவின்படி மணமான பெண் தன் அசையும் சொத்தைத் தன் விருப்பப்படி விற்கலாம். அசையாச் சொத்தை விற்கவோ ஈடு வைக்கவோ கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். விளைவு யாது? நகையை அடைவு வைக்க எவரும் தடை சொல்வதில்லை. ஆதலின் நகை முதலிற் போகிறது. தாய்வழி வந்த காணியை ஈடாக வைத்து, வங்கியிற் குறைந்த வட்டிக்கு முதல் பெற நினைத்தாற் கணவனின் கையொப்பம் எங்கே என்று கேட்கப்படுகிறது.

கணவன் இறந்தமை உறுதியானால் இத்தடை நீங்குகிறது. கணவன் எங்கே என்று தெரியாதவளுக்கே தடை நிற்கிறது! வீதியோரத்திற் கணவனின் படத்தை ஏந்தி ஆண்டுக்கணக்காய் அமர்ந்திருப்பவளைச் சட்டம் இன்னும் அக்கணவனின் கையொப்பம் கேட்டே திருப்பி அனுப்புகிறது.

இதற்கு வழி முற்றாக இல்லை என்று எண்ணவேண்டா. அதே கட்டளைச்சட்டத்தின் 8ஆம் பிரிவு, கணவன் கைவிட்டுச் சென்றாலோ, அவன் உறைவிடம் தெரியாதிருந்தாலோ, காரணமின்றிச் சம்மதம் மறுத்தாலோ, மாவட்ட நீதிமன்றை நாடி அனுமதி பெற இடமளிக்கிறது. காணாமற்போனோரைப் பொறுத்தவரை, 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் இறப்புச் சான்றிதழ் பெற வழி செய்தது. "என் கணவன் இறந்தான் என்று நான் எப்படிக் கையொப்பமிடுவேன்?" என்று கேட்ட பெண்களுக்கு அது வழியாகவில்லை. 2016ஆம் ஆண்டின் திருத்தம், இறந்தார் என்று ஒப்புக்கொள்ளாமலே, காணாமற்போனார் என்பதற்குச் சான்றிதழ் பெறலாம் என்றாக்கியது. இவ்விரு வழிகளையும் அறியாத பெண்கள் இன்னும் எத்தனையோ பேர். அறிந்தவர்களும் வழக்குச் செலவுக்கு அஞ்சி நிற்கின்றனர்.

வன்னியிற் குடியேற்றக் காணிகள் பெரும்பாலும் 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச்சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரத்தில் வழங்கப்பட்டவை. பின்னுரித்தாளர் பெயர் குறிக்கப்படாதவிடத்து, அதன் மூன்றாம் அட்டவணை ஆண்மக்களுக்கே முன்னுரிமை கொடுத்தது. பல்லாண்டு காலக் கோரிக்கையின் பின் 2022ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் அவ்வேற்றுமையை நீக்கியது. சட்டம் மாறிவிட்டது, வீட்டு வழக்கம் மாறியதா? அனுமதிப்பத்திரம் வைத்திருக்கும் ஒவ்வொரு தகப்பனும் நாளையே அதனை எடுத்துப் பின்னுரித்தாளர் பெயர் யாது என்று பார்க்கட்டும்.

குத்தகையையும் கூறுவோம். காணியற்ற பெண் ஒருத்தி உங்கள் தோட்டத் தறையை வாய்ப்பேச்சில் எடுத்து, வேலி அடைத்து, எரு இட்டு, வெங்காயம் நடுகிறாள். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச்சட்டத்தின்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன் எழுதப்படாவிடிற் செல்லாது. நெற்காணியைக் குத்தகைக்குச் செய்வோருக்குக் கமநல அபிவிருத்திச் சட்டம் சில காப்புகளைத் தருகிறது. தோட்டக்காரிக்கு அதுவும் இல்லை. மண் வளமானதும் காணிக்காரர் திருப்பிக் கேட்டால், அவள் உழைப்பும் எருவும் அவருக்கே. பயிற்சி இங்கே என்ன செய்யும்?

வாசலில் நிற்கும் கடன்

காணியை ஈடு வைக்க இயலாதவள் வங்கிக்குச் செல்லமுடியாது. வங்கிக்குச் செல்லமுடியாதவளின் வாசலுக்கு நுண்கடன் நிறுவனம் தானே வருகிறது. ஈடு வேண்டா, அயற்பெண்கள் நால்வர் பிணை நின்றாற் போதும், வாரந்தோறும் கட்டினாற் போதும் என்கிறது. தையற் பொறி வாங்கவும், கோழிக்கூடு கட்டவும் எடுத்த கடன், மழை பொய்த்த ஒரு போகத்தில் அடுத்த கடனால் அடைக்கப்படுகிறது. பிணை நின்ற தோழிகள் பகையாகின்றனர். 2018ஆம் ஆண்டில், வறட்சியுற்ற மாவட்டங்களிற் பெண்கள் பெற்ற ஓர் இலட்சம் ரூபா வரையான நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசே முன்வர வேண்டியதாயிற்று. நோய் எவ்வளவு முற்றியிருந்தது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

காணியிற் பெயர் இன்மையால் வங்கி இல்லை. வங்கி இன்மையாற் கொடுவட்டி. கொடுவட்டியாற் தொழிலின் ஊதியம் முழுதும் வாரக் கட்டணம். இச்சங்கிலியை அறுக்காது மேலும் நூறு பயிற்சி வகுப்பு நடத்தினால், நூறு புதிய கடனாளிகளையே ஆக்குவோம்.

எம் முன்னோர் ஐக்கிய நாணய சங்கங்களை அமைத்து வட்டிக்காரனின் பிடியிலிருந்து கமக்காரனை மீட்டனர். கூட்டுறவு அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தின்படி மாகாணத்துக்கு உரிய விடயம். பெண்களின் சிக்கன, கடன் சங்கங்களை ஊர்தோறும் வலுப்படுத்துதலும், அவர்களின் உற்பத்தியைச் சங்கக்கடைகளில் முதலில் எடுத்தலும் எம் கைக்கு எட்டிய வேலைகளே. கொழும்பின் உத்தரவை எதிர்பார்த்திருக்க வேண்டியதில்லை.

இரு மறுப்புகள்

தேசவழமை எம் தனிவழக்கு, அதிற் கைவைத்தல் ஆகாது என்பர் சிலர். 6ஆம் பிரிவு இன்றுள்ள வடிவில் எழுதப்பட்டது எம் முன்னோரால் அன்று. ஆங்கிலேயர் காலத்துச் சட்டமன்றில் இயற்றப்பட்டது. அதே கட்டளைச்சட்டம் 1947ஆம் ஆண்டிலும் திருத்தப்பட்டது. அப்பொழுது அழியாத தேசவழமை இப்பொழுது அழியாது. உயிருள்ள வழக்கு காலத்துக்கேற்ப வளரும். வளராதது தானே உதிரும்.

பெண்ணின் கையிற் பணம் சேர்ந்தாற் குடும்பம் குலையும் என்பர் வேறு சிலர். முப்பது ஆண்டுப் போரில் குடும்பத்தைக் குலையாது காத்தவர் யார் என்று அவர்களையே கேட்கிறோம். பதுங்குகுழியிற் பிள்ளைகளை அணைத்தவளும், முகாமில் உணவுக்கு வரிசையில் நின்றவளும், மீண்டு வந்து பற்றை வெட்டியவளும் அவளே. குடும்பத்தைத் தாங்கும் பொறுப்பை அவளிடம் விட்டுவிட்டு, தாங்குவதற்கு வேண்டிய உரிமையை மட்டும் மறுப்பது நீதியாகாது.

நாம் செய்யவேண்டியவை

பிறரைக் குறைகூறிக் கலைவதற்காக நாம் இங்கு கூடவில்லை. ஒவ்வொருவரும் தத்தம் இடத்திலிருந்து செய்யக்கூடியவற்றைக் கூறி முடிக்கிறோம்.

உழவர் பெருமக்களே, பெண்களுக்குக் கொடுக்கும் தோட்டக் குத்தகையை நொத்தாரிசு முன் எழுதிக் கொடுங்கள். சில ஆண்டுகளுக்கேனும் கொடுங்கள். ஒரே வேலைக்கு ஒரே கூலி கொடுங்கள். கமக்கார அமைப்பிலும், இரணைமடு போன்ற குளங்களின் பயிர்ச்செய்கைக் கூட்டங்களிலும், தாமே கமம் செய்யும் பெண்களுக்கு இடமும் குரலும் உண்டாக்குங்கள். சிறுபோகத்தில் யாருக்கு எவ்வளவு நீர் என்று முடிவு செய்யும் இடத்தில் இல்லாதவளுக்கு நீரும் இல்லை.

சட்டத்தரணிகளாகிய எம்மவர் மாதத்தில் ஒரு நாளைப் பிரதேச செயலகத்தின் வாசலிற் செலவிடுவோம். 8ஆம் பிரிவு விண்ணப்பம், காணாமற்போனமைச் சான்றிதழ், அற்றோணித் தத்துவம், குத்தகை உறுதி ஆகிய இந்நான்கையும் கட்டணமின்றிச் செய்து கொடுப்போம். கணக்காளர் சங்கங்களின் பெண்களுக்கு ஏடெழுதக் கற்பிக்கட்டும். பொறியியலாளரும் ஒப்பந்தகாரரும் தம் வேலைத்தளங்களிற் பெண் பயிலுநர்களுக்கு இடம் ஒதுக்கட்டும். ஆசிரியர் மாலையிற் பிள்ளைகளைப் பார்க்கும் அறைகளை நடத்தட்டும். வெளிநாடுகளில் வாழும் உறவினர் பொறியை அன்பளிப்பாக அனுப்புவதை விடுத்து, பெண்களின் சங்கத்துக்கு முதலாக அனுப்பட்டும்; அம்முதல் ஒரு கையிலிருந்து மறுகைக்குச் சுழலும்.

கணவன்மாரே, காணியை ஈடு வைத்துத் தொழில் தொடங்க மனைவி கேட்டால், காரணத்தைக் கேளுங்கள், கணக்கைப் பாருங்கள், பின் கையொப்பமிடுங்கள். பெற்றோரே, மகளுக்குச் சீதனமாக எழுதும் உறுதியின் மூலப்பிரதியை மகளின் கையிலேயே கொடுங்கள்.

எம் பிரதிநிதிகளிடம் நாம் கேட்பது ஒன்றே. 6ஆம் பிரிவிலுள்ள சம்மதத் தடையை நீக்கும் திருத்தத்தைத் தாமே வரைந்து, தாமே பாராளுமன்றிற் கொண்டுவரட்டும். எம் பெண்களுக்கு நாமே கொடுக்கக்கூடிய உரிமையைக் கொடாது, எமக்குரிய உரிமைகளைப் பிறரிடம் கேட்கும்பொழுது எம் குரல் வலுக்குன்றும்.

அடுத்த முறை ஊரில் தையற் பொறி வழங்கும் விழாவுக்கு உங்களை அழைத்தால், போங்கள், வாழ்த்துங்கள். வாழ்த்தியபின் அப்பெண்ணின் அருகே சென்று மூன்று கேள்விகள் கேளுங்கள்: தங்கச்சி, உன் பெயரில் வங்கிப் புத்தகம் உண்டா? நீ தைத்ததை வாங்குவோர் யார்? நீ இருக்கும் காணி யார் பெயரில்? மூன்றுக்கும் விடை கிடைக்கும்வரை அவளோடு நில்லுங்கள். இம்மன்றில் இருப்போர் ஒவ்வொருவரும் ஒரு பெண்ணோடு அவ்வாறு நின்றால், இவ்வுரை பயனுடையதாகும்.